சிவப்பு நூல் கட்டிய சாவி

விடுதியில் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே ஒரு மாணவனின் மூக்கு உடைவதைப் பார்த்தேன். சாப்பாட்டுக் கூடத்தில் ஒருவன் கைபேசியில் கன்னடப் பாட்டைச் சத்தமாக வைத்தான். எதிர் மேசைக்காரன் நிறுத்தச் சொன்னான். அவன் நிறுத்தவில்லை. எதிர் மேசைக்காரன் எவர்சில்வர் தட்டை எடுத்து அதன் விளிம்பால் முகத்தில் வெட்டினான். ரத்தம் சாம்பாரில் விழுந்தது. துடைப்பத்தோடு நின்றிருந்த எனக்கு, முதலில் ரத்தத்தைத் துடைப்பதா, கொட்டிய சோற்றை அள்ளுவதா என்றே தெரியவில்லை. இரண்டையும் ஒரே முறத்தில் வாரினேன்.

ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரி போகும் நெடுஞ்சாலையை ஒட்டிய தனியார் பல்கலைக்கழகம் அது. ஆண்கள் விடுதி நான்கு மாடி. அறைக்கு மூன்று பேர். தமிழ், கன்னடம், தெலுங்கு, மலையாளம், இந்தி என்று எல்லாம் அங்கே கேட்கும். நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவன். தமிழை எழுத்துக்கூட்டிப் படிப்பேன். தெலுங்கும் கன்னடமும் இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் போல வாயில் வரும். ஆங்கிலம் மட்டும் ஓர் எழுத்தும் தெரியாது. மாணவர் பட்டியல் ஆங்கிலத்தில்தான் வரும்.

அதற்கு முன் பேரிகைப் பக்கம் ஒரு ரோஜாப் பண்ணையில் எட்டு வருடம் கட்டுக் கட்டினேன். தண்டின் நீளம் பார்த்துப் பூவைப் பிரிக்க வேண்டும். நீளத்துக்கு ஒரு நிற நூல், நடுத்தரத்துக்கு ஒன்று, குட்டைக்கு ஒன்று. நூலைப் பார்த்தாலே எது எந்தப் பெட்டிக்கு என்று தெரிந்துவிடும். கலந்து கட்டிவிட்டால் மேற்பார்வையாளர் கட்டோடு முகத்தில் வீசுவார். முள் கன்னத்தைக் கிழிக்கும். இரண்டு முறை வாங்கியிருக்கிறேன். மூன்றாவது முறை வாங்கவில்லை.

அந்தப் பழக்கத்தை நான் விடுதிக்குக் கொண்டுவந்தேன். வாசலுக்கு உள்ளே ஒரு பெரிய பலகை. அதில் அறைக்கு மூன்று ஆணி, ஆணிக்கு ஒரு சாவி. வெளியே போகிறவன் சாவியை மாட்ட வேண்டும், வந்ததும் எடுத்துக்கொள்ள வேண்டும். பெயர் படிக்கத் தெரியாத நான், அலுவலக உதவியாளரிடம் ஒவ்வொருவனும் எந்த மாநிலம், என்ன பாஷை என்று கேட்டு நூல் கட்டினேன். தமிழுக்கு வெள்ளை, கன்னடத்துக்கு மஞ்சள், தெலுங்குக்குப் பச்சை, மலையாளத்துக்கு நீலம், இந்திக்குச் சிவப்பு. சாவி தவறான ஆணிக்குப் போகாமலிருக்க, ஆணியிலும் அதே நிறத்தில் ஒரு முடிச்சு. ஒரு பார்வையில் யார் உள்ளே, யார் வெளியே, யாரிடம் எந்தப் பாஷையில் பேச வேண்டும் என்பது தெரிந்துவிடும். முகம் பார்த்துப் பேசக் கூச்சப்படுகிற எனக்கு அது பெரிய உதவி.

அப்போது ஒவ்வொரு மாடியும் ஒரு கூட்டத்துக்குச் சொந்தமாக இருந்தது. முதல் மாடியில் முழுக்க வெள்ளை. மூன்றாவதில் பச்சை. சிவப்பெல்லாம் நான்காவதில், கழிவறைக்குப் பக்கத்தில். அவர்கள் கீழே வரும்போது யாராவது காலை நீட்டி விழவைப்பார்கள். மேலே போனவன்மேல் அவர்கள் எச்சில் தண்ணீரை ஊற்றுவார்கள்.

புது வார்டன் மதுரைப் பக்கத்து ஆள். சின்ன உருவம், பெரிய குரல். வந்த மாதமே எல்லோரையும் கலைத்துப் போட்டார். "ஒரு ரூம்ல மூணு ஊருக்காரன் இருக்கணும்யா. ஒண்ணாத் தின்னு, ஒண்ணாத் தூங்கி, ஒருத்தன் கொறட்டைய ஒருத்தன் கேட்டாத்தான் மனுசனாவாய்ங்கெ" என்றார். அன்று மூன்றாவது மாடியிலிருந்து பதினாறு மெத்தைகள் கீழே விழுந்தன. ஒரு மெத்தை எரிந்தது. மின்விசிறியின் இறக்கையை வளைத்து ஒருவன் வார்டனின் வண்டிக் கண்ணாடியில் எறிந்தான். அவர் அசையவில்லை. ஒரு வாரத்தில் பலகையில் ஒவ்வோர் அறைக்கும் மூன்று நிறம் தொங்கியது. எனக்கு அதைப் பார்க்கப் பிடித்திருந்தது. சாயங்காலம் வெயில் விழும்போது கதம்பம் மாதிரி இருக்கும்.

இரண்டாம் மாடி, பதினாலாம் அறையில் மூன்று பேர். அஞ்செட்டி மலைக்கிராமத்திலிருந்து வந்த ஒருவன், வெள்ளை. ஆனேக்கல்லிலிருந்து ஒருவன், மஞ்சள்; சனிக்கிழமையானால் வீட்டுக்கு ஓடிவிடுவான். மூன்றாமவன் தாளில் பீகார். சிவப்பு.

அந்தச் சிவப்பு நூல்காரன் ஒல்லியாக இருப்பான். நான் ஆளை முதலில் செருப்பில்தான் அடையாளம் வைத்துக்கொள்வேன். அவன் செருப்பின் வாரில் சணல் போட்டுத் தைத்திருந்தது. சாவி கொடுத்த மூன்றாம் நாளே என்னிடம் வந்தான்.

"அண்ணா, எனக்கு எதுக்கு செவப்பு?"

"இந்திக்காரங்களுக்கு செவப்பு தம்பி."

"நான் ஆறு வயசுல ஓசூர் வந்தவண்ணா. எங்கப்பா இங்க வார்ப்படக் கம்பெனியில இருக்காரு. பத்தாவது பரீட்ச தமிழ்ல எழுதுனவன். இந்தியில ஒழுங்கா சண்டகூடப் போட வராது. எனக்கு வெள்ள போடுங்க."

"பேப்பர்ல பீகார்னுதான இருக்குது."

"பேப்பருக்கா சோறு போடறீங்க? எனக்குத்தான போடறீங்க?"

பக்கத்தில் நின்ற அஞ்செட்டிக்காரன் சிரித்தான். "விடுண்ணா. இவன் ரூம்ல தூக்கத்துல பொலம்பறதே தமிழ்லதான். அதுவும் கெட்ட வார்த்த."

நாளைக்கு மாற்றிவிடுகிறேன் என்றேன். மாற்றவில்லை. பண்ணையில் ஒருமுறை கட்டிய கட்டின் நூலை மாற்றினால் அது திருட்டு. அந்த நினைப்பு என் விரலில் இருந்தது. அவன் மறுபடி இரண்டு முறை கேட்டான். பிறகு கேட்பதை விட்டுவிட்டான். ஆனால் போகும்போதும் வரும்போதும் "சாப்ட்டீங்களாண்ணா?" என்று கேட்பதை மட்டும் விடவில்லை. அந்த விடுதியில் என்னை அப்படிக் கேட்டவன் அவன் ஒருவன்தான்.

கோடையில் விடுதியின் போர்க்கிணறு வற்றியது. காலை ஆறரைக்கு ஒரு தண்ணீர் லாரி வரும். வாளிகளை வரிசையாக வைத்துவிட்டு மாணவர்கள் படியில் உட்கார்ந்து தூங்குவார்கள். வாளி இருந்தால் ஆள் இருந்ததாகக் கணக்கு. வேறொருவன் வாளியைத் தொடக் கூடாது. எழுதாத சட்டம் அது.

அன்று காலை கடைசி வருடத்து மாணவன் ஒருவன் தாமதமாக வந்தான். ராயக்கோட்டையில் தக்காளி மண்டி வைத்திருப்பவரின் மகன். விடுதியில் பாதிப் பேர் அவனுக்கு எழுந்து நின்று வழிவிடுவார்கள். வெள்ளை விளையாட்டுக் காலணி, பின்குதி நசுக்கி மாட்டியிருப்பான். வரிசையில் நான்காவதாக இருந்த வாளியை உதைத்து உருட்டிவிட்டுத் தன் வாளியை வைத்தான். உருண்டது சிவப்பு நூல்காரனுடையது.

"அண்ணா, அது என் வாளி."

"பாணிபூரி, பின்னால போடா."

"அஞ்சு மணிக்கே வெச்சேண்ணா."

மண்டிக்காரர் மகன் திரும்பி அவன் காதைச் சேர்த்து ஓர் அறை விட்டான். தண்ணீர்க் குழாயின் சத்தத்திலும் அது கேட்டது. அவன் கீழே உட்கார்ந்துவிட்டான். ஆனேக்கல்காரன் "ஏ, பிடு, பிடு" என்று கன்னடத்தில் தடுக்கப் பார்த்தான். விடவில்லை. இரண்டாவது அறை. மூன்றாவதற்குக் கை ஓங்கியபோதுதான் சிவப்பு நூல்காரன் எழுந்து திருப்பி அறைந்தான். ஒரே ஒரு அறை. மண்டிக்காரர் மகனின் உதடு பல்லில் கிழிந்தது. லாரிக்கு அந்தப் பக்கம் குழாயைப் பிடித்துக்கொண்டு நான் எல்லாவற்றையும் பார்த்தேன். வாய் திறக்கவில்லை.

முதல் வருடத்துப் பையனிடம், அதுவும் பீகார் என்று எழுதப்பட்டவனிடம், எல்லோர் முன்னாலும் அறை வாங்கியவன் சும்மா இருக்க மாட்டான் என்று எல்லோருக்கும் தெரியும். இரண்டு நாள் கைபேசிகளில் ஒரே செய்தி சுற்றியது என்று அஞ்செட்டிக்காரன் வந்து சொன்னான். இந்திக்காரர்கள் கூட்டமாக வந்து நம் பையனை அடித்தார்கள் என்று அதில் இருந்ததாம்.

"கூட்டமாவா? அவன் ஒத்த ஆளு, அதுலயும் அர ஆளு" என்றான். சிரித்துக்கொண்டுதான் சொன்னான். ஆனால் அன்றிலிருந்து அறைக் கதவுக்குக் குறுக்கே கட்டிலை இழுத்துப் போட்டுக்கொண்டுதான் இருவரும் படித்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம், சாப்பாடு முடிந்த நேரம். மண்டிக்காரர் மகனோடு பதினோரு பேர் வந்தார்கள். கையில் கொசுவலை கட்டும் இரும்புக் குழாய்கள். நான் பலகைக்குக் கீழே முக்காலியில் உட்கார்ந்திருந்தேன்.

"இந்திக்காரன் எந்த ரூம்ணா?"

"தெரியாது தம்பி."

"நீ சொல்லவே வேணாம்ணா. உன் போர்டே சொல்லுதே." அவன் விரலை ஆணிகளின்மேல் ஓட்டினான். "செவப்பு, சாவி இருக்குது. இது இருக்குது. இதுவும் இருக்குது. எல்லாப் பயலும் ஊர் சுத்தப் போயிருக்கானுங்க. இதோ, செவப்பு முடிச்சு, சாவி இல்ல. எரநூத்தி பதினாலு. அவன் உள்ளதான்டா இருக்கான்."

என் பிடரியில் கையை வைத்துத் தள்ளினார்கள். முக்காலியோடு சாய்ந்தேன். நெற்றி தரையில் மோதியது. எழுந்தேன். அப்போது நான் செய்த காரியத்தை நினைத்தால் இன்றைக்கும் நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றும். தோளில் கிடந்த துண்டை எடுத்துப் பலகையை மூடினேன். அவர்கள் படியேறிப் போன பிறகு.

மேலே கதவு உடையும் சத்தம் கேட்டது. தீயணைப்புக் குடுவையால் இடித்திருக்கிறார்கள். ஏழெட்டு இடி. பிறகு கட்டில் நகரும் சத்தம். பிறகு கத்தல். மொட்டை மாடிக்கான சங்கிலியும் பெரிய பூட்டும் என் மேசையில் இருந்தன. அவற்றை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

அறைக்குள் வெள்ளைப் பொடி பறந்துகொண்டிருந்தது. அஞ்செட்டிக்காரனை மூன்று பேர் சுவரோடு அழுத்தியிருந்தார்கள். அவன் முன்பற்கள் இரண்டு இல்லை. அந்த வாயோடு ஒருவன் கையைக் கடித்துத் தொங்கினான். கடிபட்டவன் அவன் தலையைச் சுவரில் மோதிக்கொண்டே இருந்தான். இரண்டு கட்டில்களுக்கு நடுவில் சிவப்பு நூல்காரன் கிடந்தான். ஒருவன் அவன் முழங்கையை மிதித்திருந்தான். மண்டிக்காரர் மகன் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தான்.

"எந்தக் கைடா? என்ன அறைஞ்சது எந்தக் கை?"

"விட்ருங்கண்ணா. எழுதற கைண்ணா. எழுதற கை."

"தமிழ்ல கெஞ்சுனா விட்ருவமா?"

குழாய் இறங்கியது. மணிக்கட்டு உடைந்த சத்தம், முருங்கைக் கிளை முறிவது போல, சின்னதாகத்தான் கேட்டது. அவன் கத்தவில்லை. வாய் மட்டும் திறந்திருந்தது. குழாய் மறுபடி மேலே போனது.

நான் சங்கிலியைச் சுழற்றினேன். பூட்டு மண்டிக்காரர் மகனின் தோளில் விழுந்தது. குழாய் கையிலிருந்து நழுவியது, அவன் சுருண்டான். அதோடு முடிந்திருக்க வேண்டும். இரண்டாவது அடி தேவையில்லை. நான் அடித்தேன். பின்மண்டையில் தோல் பிளந்தது. அந்த நிமிடம் எனக்குள் கூச்சம் என்பதே இல்லை. பண்ணையில் கன்னத்தில் வாங்கிய முள், சாப்பாட்டுக் கூடத்தில் அள்ளிய ரத்தம், தண்ணீர் லாரியின் பின்னால் மூடியிருந்த வாய், எல்லாம் அந்தச் சங்கிலியில் இருந்தன. மூன்றாவது அடியை அஞ்செட்டிக்காரன்தான் தடுத்தான். "அண்ணா, போதும்ணா, செத்துருவான்ணா" என்று என் இடுப்பைக் கட்டிக்கொண்டான். அவன் வாயிலிருந்து ரத்தம் என் சட்டையில் ஒழுகியது. மற்றவர்கள் ஓடிவிட்டார்கள்.

கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரியில் அவனுக்கு மணிக்கட்டில் தகடு வைத்தார்கள். ஐந்தாம் நாள் பார்க்கப் போனேன். வார்டின் வாசல் வரை போய் நின்றுவிட்டேன். உள்ளே கால் போகவில்லை. அவன் அப்பா வெளியே வந்தார். முன்கையெல்லாம் உருகிய இரும்பு தெறித்த புள்ளி.

"ஹாஸ்டல்ல இருந்து வந்தீங்களா சார்? இவன வெளிய அனுப்பும் சொல்றாங்க. இவன்தான் மொதல்ல அடிச்சான்னு சொல்றாங்க. நம்ம ரூம்ல ஏழு ஆளு இருக்குது சார். ஷிப்ட் மாத்தி மாத்தி ஒரே பாய்ல படுக்குது. இவன் எங்க படுக்கும், எங்க படிக்கும்? ஹாஸ்டல் போச்சுன்னா படிப்பு போச்சு. என்கூட அடுப்புக்குத்தான் வரணும்."

என் கையைப் பிடித்துக்கொண்டு பேசினார். நூலைக் கட்டிய கை என்று அவருக்குத் தெரியாது. வாங்கிப்போன ஆரஞ்சுப் பழங்களை அவரிடம் கொடுத்துவிட்டுப் பேருந்து ஏறினேன்.

விசாரணைக் குழு கூடும் நாள் காலையில், கை கழுவும் இடத்தில் மண்டிக்காரர் மகன் என்னைப் பிடித்தான். மண்டையில் தையல், தோளில் கட்டு.

"ண்ணா, நீ என்ன அடிச்சத நான் சொல்லல. நீயும் எதுவும் பாக்கலன்னு சொல்லிடு. அவன்தான் மொதல்ல கை வெச்சான், பேசப் போன எடத்துல தகராறு ஆயிடுச்சு, அவ்ளோதான். நாங்க தேடிப் போனோம்னு நீ சொன்னீன்னா, எப்புடித் தேடினாங்கன்னு கேப்பாங்க. மந்திரம் போட்டா கண்டுபுடிச்சோம்? நீ கட்டுன நூலுதான். மொதல்ல மாட்றது நீ."

நூலைப் பற்றி அவன் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

குழுவில் மூன்று பேர். நடுவில் வயதான ஓர் அதிகாரி, ஒரு பக்கம் வக்கீல், இன்னொரு பக்கம் வார்டன். நின்றுகொண்டிருந்தேன். மேசைக்குக் கீழே அவர்களுடைய காலணிகள் தெரிந்தன. பார்த்தாயா என்று கேட்டார்கள். எழுதித் தரலாமா என்று கேட்டேன். காகிதம் கொடுத்தார்கள். எழுத எனக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. லாரி வந்த காலையில் யார் வாளியை உதைத்தது, யார் முதலில் அறைந்தது, எத்தனை அறைக்குப் பிறகு அவன் திருப்பி அறைந்தான் என்று எழுதினேன். ஞாயிறு வந்தவர்களின் முகம் எனக்குப் பாதிதான் தெரியும். காலில் போட்டிருந்ததை எழுதினேன். நீலப் பட்டை, அறுந்த நாடா, வெறுங்கால். பலகையை எழுதினேன். நூலை எழுதினேன். அவன் மூன்று முறை மாற்றச் சொன்னான், நான் மாற்றவில்லை என்று எழுதினேன். பூட்டால் இரண்டு முறை அடித்தேன், இரண்டாவது அடி தேவையில்லாதது என்றும் எழுதினேன்.

வார்டன் அதைச் சத்தமாகப் படித்தார். நூல் வந்த இடத்தில் நிறுத்திக் கண்ணாடியைக் கழற்றினார். "தெனமும் அந்தப் போர்டத் தாண்டித்தான்யா நானும் போறேன். கலர் கலரா அழகா இருக்குன்னு நெனச்சேனே. கதவத் தொறந்து வச்சது நீ மட்டுமில்லய்யா" என்றார்.

பதினோரு பேரையும் மண்டிக்காரர் மகனையும் விடுதியிலிருந்து நீக்கினார்கள். போலீஸ் வழக்கும் ஆனது. சிவப்பு நூல்காரனுக்கு இடம் இருக்கிறது என்று கடிதம் போனது. என்னை இரண்டு மாதம் சம்பளமில்லாமல் வீட்டுக்கு அனுப்பினார்கள். அந்த இரண்டு மாதத்தில் ஒருநாள் ராயக்கோட்டைப் பேருந்து நிலையத்தில் முன்பின் தெரியாத இருவர் என்னைப் பெயர் கேட்டு அடித்தார்கள். கீழே விழுந்தபோது ஒருவன் காலால் என் கையைத் தேடி மிதித்தான். விரல் நசுங்கியது. முறியவில்லை.

திரும்பி வந்த அன்று பலகையிலிருந்த நூல்களை பிளேடால் அறுத்தேன். சாவிகளில் இருந்தவை எளிதாக வந்தன. ஆணியில் கட்டியவை துருவோடு ஒட்டியிருந்தன. சுரண்டச் சுரண்ட நிறம் போகவில்லை. வார்டன் பார்த்துவிட்டுப் பலகையையே கழற்றச் சொன்னார். இப்போது சாவி அவரவரிடம்தான்.

அடுத்த வாரம் அவன் வந்தான். புதுச் செருப்பு. வலது கை இன்னும் முழுதாக மூடவில்லை. பையை அஞ்செட்டிக்காரன் தூக்கி வந்தான்; கட்டிய பல் இரண்டும் மற்றப் பற்களைவிட வெள்ளையாக இருந்தன. இரண்டாம் மாடி, அதே அறை. வேறு அறை கேட்கலாம் என்று வார்டன் சொல்லியிருந்தார். அவன் கேட்கவில்லை.

மேசையில் சாவியையும் பதிவேட்டையும் வைத்தேன். முதல் தடவையாக நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்தேன். மன்னிப்புக் கேட்க ஒரு வாக்கியம் இரண்டு மாதமாகத் தயார் செய்து வைத்திருந்தேன்.

அவன் இடது கையால் சாவியை எடுத்தான். முன்பக்கம், பின்பக்கம் திருப்பிப் பார்த்தான்.

"எங்க கையெழுத்துப் போடணும் சார்?" என்றான்.

காட்டினேன். இடது கையால், தமிழில், மெதுவாகப் போட்டான். என் எழுத்தைப் போலவே அதுவும் கோணலாக இருந்தது. பிறகு இருவரும் படியேறினார்கள். பாதிப் படியில் அஞ்செட்டிக்காரன் மட்டும் திரும்பி, "சாப்ட்டியாண்ணா?" என்று கேட்டான். அவன் திரும்பவில்லை.

இது நடந்து ஒரு வருடமாகிறது. அவன் இன்னும் அந்த அறையில்தான் இருக்கிறான். நன்றாகப் படிக்கிறான் என்று சொல்கிறார்கள். என்னைத் தினமும் தாண்டிப் போகிறான். சார் என்றுதான் கூப்பிடுகிறான்.